உடம்பு மறப்பதில்லை: பீட்டர் மெடாவர்



சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு முன் டாக்டர்கள் கேட்பார்கள்: முன்பு ரத்தம் ஏற்றியதுண்டா? எத்தனை முறை கர்ப்பம்? ஏற்கெனவே உறுப்பு மாற்று நடந்ததா? இதெல்லாம் எதற்கு என்று நினைக்கிறீர்களா? விடைக்கு வழி காட்டியவர் பீட்டர் மெடாவர்.

இவர் 1915-ல் பிரேசிலில் பிறந்தார். அப்பா லெபனானில் பிறந்தவர், அம்மா இங்கிலாந்துக்காரர். ஆக்ஸ்போர்டில் விலங்கியல் படித்தார். இரண்டாம் உலகப் போரின்போது இவர் வீட்டருகே ஒரு விமானம் விழுந்து, அதிலிருந்தவர் உடல் கருகியது. உதவ முடியுமா என்று மருத்துவர்கள் இவரைக் கேட்டார்கள். அதிலிருந்து தோல் ஒட்டுதலே இவர் வேலையானது.

பிறகு கிளாஸ்கோ மருத்துவமனையில் தாமஸ் கிப்சன் என்ற சர்ஜனோடு சேர்ந்தார். தீக்காயம் பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலை ஒட்டினார்கள். சில நாட்களில் அது அழிந்தது. அதே சகோதரரின் தோலை இரண்டாம் முறை ஒட்டியபோது இன்னும் சீக்கிரமே அழிந்தது. முதல் முறை பார்த்த அந்நியனை உடம்பு நினைவு வைத்திருக்கிறது என்று புரிந்தது. 1943-ல் இதை வெளியிட்டார்கள். வங்கி கவுன்டரில் ஒருமுறை பிடிபட்ட போலிக் கையெழுத்தை அடுத்த முறை பார்த்தவுடனே நிறுத்துவோமே, அதுபோலத்தான்.

அந்த நினைவை மாற்ற முடியுமா? பில்லிங்ஹாம், பிரென்ட் இருவருடன் சேர்ந்து, பிறக்கும் முன்பே எலிக்கு வேறு எலியின் செல்களைச் செலுத்தினார். வளர்ந்தபின் அந்த எலியின் தோலை அது ஏற்றுக்கொண்டது. இது 1953-ல். 1960-ல் மெக்ஃபார்லேன் பர்னெட்டுடன் நோபல் பரிசு பெற்றார். 1969-ல் பக்கவாதம் தாக்கியது. அதன்பிறகும் எழுதினார், ஆராய்ந்தார். 1987-ல் மறைந்தார்.

ரத்தம் ஏற்றுதல், கர்ப்பம், பழைய உறுப்பு மாற்று ஆகிய மூன்றிலும் பிறருடைய செல்கள் நம் உடம்புக்கு அறிமுகமாகின்றன. அவற்றை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் ரத்தத்தில் தங்கிவிடலாம். கணவர் சிறுநீரகம் தர முன்வந்தாலும், பிள்ளை பெற்ற மனைவியின் ரத்தம் அதை மறுக்கலாம். அதனால்தான் 'கிராஸ்மேட்ச்' சோதனை. பொருந்தாவிட்டால் பிளாஸ்மா மாற்றி ஆன்டிபாடியைக் குறைத்து, மருந்து கொடுத்துத் தயார் செய்வார்கள். இன்னொரு குடும்பத்தோடு தானத்தை மாற்றிக்கொள்ளும் வழியும் உண்டு.

ஆகவே உங்கள் வீட்டில் யாராவது டயாலிசிஸில் இருந்தால், ரத்தம் ஏற்றிய தேதிகளையும் பிரசவம், கருச்சிதைவு விவரங்களையும் ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். நாம் மறந்தாலும் உடம்பு மறந்திருக்காது.