பழைய அரண்மனைக்குப் புது வேலை கொடுத்தவர்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், பெரிய மனிதர் ஒருவரின் வாழ்க்கையாக இருந்தால் நல்லது என்று மலர்க்குழுவிலிருந்து சீனியர் அண்ணன் போன் செய்தார். விசுவேசுவரய்யாவைப் பற்றி எழுதட்டுமா அண்ணா என்று கேட்டேன். போன மலரிலும் அவர்தான், அதற்கு முந்தின மலரிலும் அவர்தான், சிவில் டிபார்ட்மென்ட் பசங்களுக்கு வேற ஆளே கிடையாதா என்று கடிந்துகொண்டார். அதனால்தான் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம். பெயர் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். மெரினாவில் சுண்டல் சாப்பிட்டவர்கள் எல்லோரும் அவர் கட்டிய சுவர்களைப் பார்த்திருக்கிறோம்.

அவரை எனக்குப் பிடித்துப்போனதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேரடித் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் தாத்தா வீடு இருக்கிறது. திண்ணை, முற்றம், தேக்கு உத்தரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. பாட்டி போய்ச் சேர்ந்த பிறகு மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. இடித்துவிட்டு நாலு மாடி லாட்ஜ் கட்டலாம், பௌர்ணமி கிரிவலத்துக்கு வருகிற கூட்டத்துக்கு ரூம் போதவில்லை, கார்த்திகை தீபத்துக்குக் கேட்கவே வேண்டாம் என்பது சித்தப்பாவின் கணக்கு. கணக்கில் தப்பே இல்லை. குடும்பத்தில் நான் ஒருத்தன்தான் சிவில் இன்ஜினியர் என்பதால், நீ என்னப்பா சொல்றே என்று பந்து என் பக்கம் வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் சிஷோமைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

1840-ல் லண்டனில் பிறந்தவர். இளம் வயதிலேயே வங்காளத்துக்கு வந்து அங்கே பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தார். 1864-ல் மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழக செனட் மாளிகைக்கும் டிசைன் கேட்டு மெட்ராஸ் அரசாங்கம் ஒரு போட்டி வைத்தது. பரிசு இவருக்கு. வயது 24. நம்மில் பலர் அந்த வயதில் அரியர் பேப்பர் கிளியர் பண்ணிக்கொண்டிருந்தோம் என்பதை நினைத்துக்கொள்ளவும். அடுத்த ஆண்டு மெட்ராஸ் வந்து சேர்ந்தார். மாநிலக் கல்லூரி 1870-ல் திறக்கப்பட்டது. அது முழுக்க இத்தாலிய பாணி. நீலகிரியில் லவ்டேலில் அவர் கட்டிய லாரன்ஸ் பள்ளியும் அந்த ஆரம்ப நாட்களைச் சேர்ந்ததுதான். ஊர் எதுவாக இருந்தாலும் ஐரோப்பாவைக் கொண்டுவந்து நிறுத்துவது என்பதுதான் அன்றைய வழக்கம். சிஷோமும் அப்படித்தான் ஆரம்பித்தார். அவரை மாற்றியது இரண்டு பழைய அரண்மனைகள்.

முதல் அரண்மனை சேப்பாக்கம். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1768-ல் எழுந்த மாளிகை. கலச மகால், ஹுமாயூன் மகால் என்று இரண்டு பகுதிகள். நவாப் பட்ட கடன் தலைமுறை தாண்டி ஏறிக்கொண்டே போனது. 1855-ல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்ததும் கம்பெனி அந்தப் பட்டத்தையே ஒழித்துவிட்டது. கொஞ்ச நாளில் அரண்மனையும் சர்க்கார் கைக்கு வந்தது. இன்ஜினியர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்: இன்று கிண்டியில் இருக்கிற பொறியியல் கல்லூரி 1862-லிருந்து இந்தக் கலச மகாலில்தான் நடந்தது. 1920-ல்தான் கிண்டிக்குப் போனது. ஆக, தமிழ்நாட்டில் முதலில் இன்ஜினியரிங் படித்தவர்களில் பல தலைமுறையினர் நவாப்பின் கூடத்தில் உட்கார்ந்து டிராயிங் போட்டவர்கள்.

வருவாய் வாரியத்துக்கு இடம் வேண்டும் என்று வந்தபோது சிஷோம் அரண்மனையை இடிக்கவில்லை. அதை ஒட்டிப் புதுக் கட்டடம் எழுப்பினார். புதிதாகச் சேர்த்த பகுதிகளும், இரண்டு மகால்களுக்கு நடுவே எழுந்த கோபுரமும் பழைய அரண்மனையின் பாணியிலேயே, அதே மாதிரி வளைவுகளும் செங்கல் வேலையுமாக அமைந்தன. இன்று போய்ப் பார்த்தால் எது நவாப் காலத்தது, எது சிஷோம் காலத்தது என்று சாதாரணமாகச் சொல்ல முடியாது. பழசையும் புதுசையும் இப்படிக் குழப்பக் கூடாது, சேர்த்தது சேர்த்ததாகத் தெரிய வேண்டும் என்று இப்போதைய பாதுகாப்பு நிபுணர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்கார ஆர்க்கிடெக்ட் இங்கிருந்த கட்டடத்தைப் பார்த்து, இதன் மொழியிலேயே நானும் பேசுகிறேன் என்று இறங்கிவந்ததே பெரிய விஷயம். கடனில் மூழ்கிய ராஜாவின் வீடு வரி வசூல் ஆபீஸாக ஆனதில் இருக்கிற கசப்பை நான் மறைக்கவில்லை. அந்தக் கசப்பு சிஷோம் கையில் இல்லை. இடிக்காமல் விட்டது அவர் கையில் இருந்தது.

இரண்டாவது, மதுரை திருமலை நாயக்கர் மகால். 1636-ல் கட்டியது. இன்று நாம் பார்ப்பது பழைய அரண்மனையில் ஒரு பகுதிதான். நாயக்கரின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பாதி அரண்மனையைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார். மீதி இருந்ததும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிபாடாகக் கிடந்தது. 1866-லிருந்து 1872 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு அதைச் சீர்செய்ய உத்தரவிட்டார். நம் நாட்டுக்கு நம் நாட்டுப் பாணிதான் பொருந்தும் என்று 1870-ல் கட்டடக் கலை பற்றிச் சொற்பொழிவே ஆற்றியவர் அவர். வேலை சிஷோமிடம் வந்தது.

சிஷோம் முதலில் செய்தது அளந்ததுதான். ஏறத்தாழ 40 அடி உயரத் தூண்கள், அவற்றின் மேல் செங்கல் வளைவுகள், அதற்கு மேல் இரும்போ உத்தரமோ இல்லாமல் செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டுமே தாங்கி நிற்கும் குவிமாடம். இதையெல்லாம் அளந்து வரைந்து, 1870-களில் லண்டனில் கட்டடக் கலைஞர் சங்கத்தின் முன் அந்த அரண்மனையைப் பற்றி ஒரு கட்டுரையே படித்தார். சீர்செய்த மகாலில் நீதிமன்றங்கள் குடிவந்தன. 1970 வரைக்கும் அங்கே கோர்ட் நடந்தது. ஏறக்குறைய நூறு வருடம் வக்கீல்களும் வாய்தாக்காரர்களும் நடந்துபோன இடம். அவர்கள் தூணில் சாய்ந்தும் வெற்றிலை எச்சில் துப்பியும் செய்த சேதம் நிச்சயம் இருக்கும். ஆனாலும் ஆள் நடமாட்டம் இருந்ததால் கூரை ஒழுகினால் யாராவது புகார் கொடுத்தார்கள், யாராவது ஏறிப் பார்த்தார்கள். பூட்டி வைத்திருந்தால் நமக்கு இன்று மகால் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். எங்கள் தாத்தா வீட்டில் மூன்றே வருடத்தில் அரசமரக் கன்று முளைத்துவிட்டது.

சுண்ணாம்பு என்றதும் என் தவறு ஒன்று ஞாபகம் வருகிறது, ஜூனியர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 2010-ல் பாஸ் ஆகி வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெளியூரில் பழைய சத்திரம் ஒன்றை ரிப்பேர் பண்ணுகிற வேலைக்கு சைட் இன்ஜினியராகப் போட்டார்கள். சுவரில் பழைய சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்திருந்தது. நான் கொத்தி எடுக்கச் சொல்லி, ஸ்ட்ராங்காக இருக்கட்டும் என்று சிமென்ட் பூச்சு போட வைத்தேன். வயசான கொத்தனார் ஒருவர், தம்பி, இந்தச் சுவர் மூச்சு விடணும், சிமென்ட் வேணாம் என்று சொன்னார். நான் கேட்கவில்லை. படித்தவன் அல்லவா! இரண்டு மழைக்காலம்தான். தரையிலிருந்து ஏறிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சிமென்ட் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழுந்தது. சும்மா விழவில்லை, பழைய செங்கல்லின் முகத்தையும் உரித்துக்கொண்டு விழுந்தது. சுண்ணாம்புக்கும் சிமென்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தச் சுவர்தான் எனக்கு நடத்திக் காட்டியது.

சிஷோமின் காலத்தில் சிமென்ட் இந்த அளவுக்குப் பரவவில்லை என்பது உண்மை. என்றாலும் உள்ளூர்க் கைவேலைக்காரர்களின் அறிவை மதித்தவர் அவர். 1870-களின் பிற்பகுதியில் மெட்ராஸ் தொழிற்கலைப் பள்ளியின் கண்காணிப்பாளராகவும் இருந்தார். இன்று அது எழும்பூர் பக்கத்தில் அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கிறது.

இரண்டு அரண்மனைகளிலும் படித்த பாடம் செனட் மாளிகையில் தெரிகிறது. 1874-லிருந்து 1879 வரை கட்டியது. 1864-ல் பரிசு வாங்கிய அதே கைதான், ஆனால் பத்து வருடத்தில் ஆளே மாறியிருக்கிறார். கடற்கரைச் சாலையில் வடக்கிலிருந்து தெற்கே நடந்தால் முதலில் செனட் மாளிகை, அடுத்து சேப்பாக்கம் அரண்மனை, பிறகு மாநிலக் கல்லூரி. மாநிலக் கல்லூரியில் ஆரம்பித்து வடக்கே நடந்து பாருங்கள். ஒரு மனிதரின் மனசு மாறிய கதை நடுவில் அரண்மனையோடு வரிசையாக நிற்கிறது. 1880-ல் முடிந்த திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியத்தில் கேரளத்துக் கூரையையே எடுத்துக்கொண்டார். ஏ.சி. இல்லாமல் காற்று வருகிற அந்த டிசைனை நம் பிள்ளைகள் டூர் போகும்போது செல்ஃபி எடுப்பதோடு நிறுத்தாமல் நிமிர்ந்து பார்க்க வேண்டும். மெட்ராஸ் ஜி.பி.ஓ., சென்ட்ரல் பக்கத்து விக்டோரியா பப்ளிக் ஹால் எல்லாம் இவர் டிசைன்தான், விரித்தால் பெருகும்.

பரோடாவைப் பற்றி மட்டும் சொல்லாமல் விட முடியாது. அங்கே லட்சுமி விலாஸ் அரண்மனையை மேஜர் சார்லஸ் மாண்ட் என்பவர் டிசைன் செய்து கட்டிக்கொண்டிருந்தார். கணக்கில் தப்புப் பண்ணிவிட்டோம், கட்டடம் இடிந்துவிடும் என்ற பயத்தில் மனம் கலங்கி, 1881-ல் அவர் இறந்துபோனார் என்று சொல்வார்கள். மீதி வேலையை ஏற்றவர் சிஷோம். 1890-ல் முடித்தார். கட்டடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது, மாண்டின் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. டிசைன் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் புரண்டவர்களுக்கு இந்தக் கதை வேறு மாதிரி கேட்கும். ஒருத்தர் விட்டுப்போன வேலையை, அவரைக் குறை சொல்லாமல், அவர் நினைத்தபடியே முடித்துக் கொடுப்பதும் பழுதுபார்க்கிற குணத்தைச் சேர்ந்ததுதான்.

இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இங்கிலாந்து திரும்பினார். லண்டனில் ஸ்லோன் டெரஸ் என்ற இடத்தில் ஒரு கிறிஸ்தவ சபைக்குக் கோவில் கட்டினார். 1915-ல், 75-ஆம் வயதில் காலமானார். வேடிக்கை அதற்குப் பிறகுதான். அந்தக் கோவிலுக்கு வருகிறவர்கள் குறைந்து 1996-ல் அது மூடப்பட்டது. இடிக்கவில்லை. உள்ளே மாற்றி அமைத்து 2004-ல் கடோகன் ஹால் என்ற இசை அரங்கமாகத் திறந்தார்கள். ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழு அங்கே குடியேறியது. இங்கே அவர் மற்றவர்கள் கட்டியதற்குச் செய்ததை, அங்கே யாரோ அவர் கட்டியதற்குச் செய்திருக்கிறார்கள்.

சேப்பாக்கத்துக்கு அந்த அதிர்ஷ்டம் சுலபத்தில் கிடைக்கவில்லை. 2012 பொங்கல் சமயத்தில் கலச மகாலில் தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரையே கொடுத்தார். கூரை இறங்கிவிட்டது. இனி எதற்கு, இடித்துத் தள்ளலாம் என்ற பேச்சும் எழுந்தது. கடைசியில் பொதுப்பணித் துறையே சுண்ணாம்பு, தேக்கு என்று பழைய முறையிலேயே எடுத்துக் கட்டியது. இன்று அங்கே பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. பல வருடம் கூரையில்லாமல் கிடந்த ஹுமாயூன் மகாலையும் அதே துறை மீட்டெடுத்திருக்கிறது. கடுக்காய் ஊறவைத்த தண்ணீர், வெல்லம், அரைத்த சுண்ணாம்பு என்று டெண்டரில் எழுத வேண்டிய நிலைமை வந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

நம் ஊரிலும் இந்த வழக்கு ஒருமுறை வந்தது. 2002-ல் அண்ணாமலையார் கோவிலை மத்தியத் தொல்லியல் துறை எடுத்துக்கொள்ளப் போகிறது என்று அறிவிப்பு வந்தபோது ஊரே எதிர்த்து நின்றது, நான் அப்போது ஸ்கூல் படித்துக்கொண்டிருந்தேன். கோவில் என்பது பூட்டி வைத்துப் பார்க்கிற பொருளா, தினமும் விளக்கேற்றுகிற இடமா என்பதுதான் கேள்வி. கேள்வியின் ஆழம் எனக்கு அப்போது புரியவில்லை.

சித்தப்பாவிடம் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. லாட்ஜே வேண்டும் என்றாலும் முன்பக்கத் திண்ணையும் முற்றமும் மச்சும் அப்படியே இருக்க, பின்கட்டுத் தோட்டத்தில் மட்டும் இரண்டு மாடி எழுப்பி, மொத்தம் பதினான்கு ரூம் வருமா என்று ஒரு ஸ்கெட்ச் போட்டு வைத்திருக்கிறேன். நாலு மாடி கட்டினால் இருபத்தெட்டு ரூம் வரும். பாதி வருமானம் குறையும். அதைச் சித்தப்பாவிடம் மறைக்க மாட்டேன், அவருக்கும் பெண் கல்யாணம் இருக்கிறது. உத்தரங்களில் எத்தனை கரையான் அரித்தது, எத்தனை தேறும் என்று தெரியாமல் இந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை.

அதனால் ரீயூனியன் முடிந்த மறுநாள் காலை அந்த வீட்டை அளக்கப் போகிறேன். மூன்றாம் வருட, இறுதி வருட சிவில் மாணவர்கள் யாராவது வந்தால் சந்தோஷம். முப்பது மீட்டர் டேப்பும் ஏணியும் என்னிடம் உண்டு. டார்ச் மட்டும் ஆளுக்கு ஒன்று கொண்டு வாருங்கள், மச்சுக்குக் கீழே ஒரே இருட்டு. டிபன் என் செலவு.