கூரத்தாழ்வான் தரித்த காஷாயம்

திருக்கச்சியில் தேவப்பெருமாளைச் சேவித்து, அநந்தஸரஸ்ஸின் படித்துறையில் சற்றே இளைப்பாறும் அடியார்கள், அங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள கூரத்தையும் நினைக்கக் கடமைப்பட்டவர்கள். பல்லவன் பரமேச்வரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் அளித்த செப்பேட்டினால் சரித்திர ஆசிரியர்கள் அவ்வூரை அறிவார்கள். ஸ்ரீவைஷ்ணவ உலகமோ அதனைக் கூரத்தாழ்வானின் அவதாரஸ்தலமாகவே அறியும்.

கி.பி. 1010ஆம் ஆண்டு, ஸௌம்ய வருஷம் தை மாதம் ஹஸ்த நக்ஷத்திரத்தில் ஆழ்வான் அவதரித்தார் என்பது ஸம்பிரதாயம். ஸ்ரீவத்ஸாங்கர் என்பது திருநாமம், தமிழில் திருமறுமார்பன். 1017இல் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த உடையவருக்கு இவர் வயதில் மூத்தவர். எனினும் காஞ்சியில் அவர் திருவடியையே ஆச்ரயித்துச் சீடரானார். உடையவரின் திரிதண்டமாக முதலியாண்டானையும், அத்தண்டத்தின் பவித்திரமாகக் கூரத்தாழ்வானையும் பெரியோர் கூறும் வழக்கம் அந்நாளிலேயே ஏற்பட்டது.

கூரத்தில் ஆழ்வானுடையது பெருஞ்செல்வக் குடும்பம். இன்று பட்டுத் தறிகளின் ஓசை கேட்கும் கச்சிநகரில் அக்காலத்து இரவுகளில் வேறோர் ஓசை கேட்டதாக ஐதிஹ்யம் கூறும். நாள் முழுதும் அன்னமிட்டபின் கூரத்து மாளிகையின் பெருங்கதவம் சாத்தப்படும் ஓசை அது. பெருந்தேவித் தாயார் அவ்வோசை யாதென வினவியதாகத் திருக்கச்சிநம்பிகள் வாயிலாக ஆழ்வான் அறிந்தார். வேறொருவராயின் பெருமிதம் கொண்டிருப்பார், ஆழ்வானோ நாணினார். தம் செல்வத்தின் ஆரவாரம் பிராட்டியின் திருச்செவி வரை சென்றதே என்று வருந்தி, இருந்ததனைத்தையும் வாரி வழங்கிவிட்டு, தேவியார் ஆண்டாளுடன் திருவரங்கம் புறப்பட்டார். காட்டுவழியில் ஆண்டாள் அஞ்சிய காரணத்தை விசாரித்தபோது, கணவர் அமுது செய்வதற்கென்று அவள் மடியில் ஒரு பொன்வட்டில் ஒளிந்திருந்தது தெரிந்தது. அதனையும் வாங்கிப் புதரில் எறிந்துவிட்டு நடந்தார்.

திருவரங்கத்தில் அவர் பிக்ஷை எடுத்து வாழ்ந்ததும், போதாயன விருத்தியின் பொருட்டு உடையவருடன் காச்மீரம் சென்று அந்நூலை இரவுகளில் வாசித்தே நெஞ்சில் பதித்துக்கொண்டதும், ஸ்ரீபாஷ்யம் உருவாகத் துணைநின்றதும் அன்பர்கள் அறிந்தவையே. இங்கு விரித்துச் சொல்ல வேண்டியது அதன்பின் நேர்ந்தது.

சோழ மன்னன் ஒருவன் சிவனுக்கு மேற்பட்ட தெய்வம் இல்லை என்று எழுதிய ஓலையில் வித்வான்களைக் கையெழுத்திடச் செய்து வந்தான். கிருமிகண்ட சோழன் என்று குருபரம்பரை அவனைக் குறிக்கும். அவன் முதற் குலோத்துங்கனா, பிறனொருவனா என்பதில் ஆராய்ச்சியாளர்கள் ஒன்றுபடவில்லை. அது ஓர் அரசனின் மூர்க்கமேயன்றிச் சிவனடியார் கூட்டத்தின் மேல் ஏற்றத்தக்க பழியன்று. ஏனையோர் கையெழுத்தால் பயனில்லை, இராமாநுசரும் கூரத்தாழ்வானும் இட்டாலன்றி முடியாது என்று மன்னனுக்கு எடுத்துக் கொடுத்தவன் நாலூரான். அவன் அந்நியனல்லன். ஆழ்வானிடமே அர்த்தம் கேட்ட சிஷ்யன்!

அரசனின் ஆட்கள் திருவரங்கத்து மடத்து வாயிலில் வந்து நின்றபோது உடையவர் நீராட எழுந்தருளியிருந்தார். ஆழ்வான் சிறிதும் தாமதியாமல் ஆசார்யனுடைய காஷாயத்தைத் தரித்து, முக்கோலைக் கையில் ஏந்தி, இராமாநுசன் தாமே என்று சொல்லி அவர்களோடு நடந்தார். உடன் சென்றவர் 105 வயது நிரம்பிய பெரிய நம்பிகள். அவருக்குக் கைகொடுக்க அவர் திருமகள் அத்துழாய். உடையவர் ஆழ்வானின் வெள்ளை வஸ்திரத்தை உடுத்து மேற்றிசை நோக்கி விரைந்தார்.

சாஸ்திரத்தை வைத்துப் பார்த்தால் இது வேஷமே. ஆழ்வான் மனைவியும் மக்களும் உடைய இல்லறத்தார். அநந்தஸரஸ்ஸின் கரையில் தேவப்பெருமாள் ஸந்நிதியில் ஸந்நியாசம் பெற்றபோது உடையவர் ஏற்ற அந்த ஆச்ரமத்தின் அடையாளங்களில் ஒன்றேனும் ஆழ்வானுக்கு உரியதன்று. அடியார் வேஷம் பூணுவோர் எக்காலத்தும் உண்டு. திருநாட்கூட்டத்தில் ததீயாராதனப் பந்திக்காகவே திருமண் தரித்து வருபவரை அன்பர்களும் கண்டிருக்கலாம். ஒரு வேளை உணவு, சிறிது மதிப்பு, சில காசு ஆகியவற்றுக்கு மேல் அவ்வேஷத்தால் கிடைப்பதில்லை. ஆழ்வானின் வேஷத்துக்கோ சபையில் தண்டனை ஒன்றே காத்திருந்தது. அதனை அறிந்தே பூண்டார்.

கங்கைகொண்ட சோழபுரத்துச் சபையில் ஓலை நீட்டப்பட்டது. சிவம் என்னும் சொல்லுக்கு ஓர் அளவையின் பெயர் என்றும் பொருளுண்டு. அதனினும் பெரிய அளவை துரோணம். அதனைக் கருதி, சிவத்திலும் மேற்பட்டது துரோணம் உண்டு என்னும் பொருள்பட எழுதிக் கொடுத்தார் ஆழ்வான். மன்னன் வெகுண்டான். வந்திருப்பவர் இராமாநுசர் அல்லர் என்பதை நாலூரான் அறியாதிருக்க இயலுமா? கண்களைப் பறிக்கக் கட்டளை பிறந்ததும், அத்தகையோனைக் கண்ட கண்கள் தமக்கு வேண்டா என்று ஆழ்வான் தம் நகத்தாலேயே அவற்றைப் பறித்துக்கொண்டார் என்பர். கண்ணிழந்த பெரிய நம்பிகள் திரும்பும் வழியிலேயே பரமபதித்தார்.

இதே காலத்தில் கொங்குநாட்டில் நேர்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். உடையவருடன் சென்ற அடியார்கள் ஓரிரவு ஒரு மாதின் இல்லத்தில் தங்க நேர்ந்தது. அவள் தானும் எம்பெருமானார் சிஷ்யை என்றாள். அடியார்களோ நம்பி அமுது செய்யத் தயங்கினர். பஞ்ச காலத்தில் திருவரங்கம் சென்று அவரிடம் மந்திரம் பெற்றதையும், பாதுகை பெற்று வந்ததையும் அவள் விவரித்தாள். அவள் தளிகை செய்யும் விதத்தையும் மறைவில் நின்று பார்த்து வரச் செய்தார் உடையவர். பின்பு விளக்கைக் கையிலேந்தி ஒவ்வொருவர் திருவடியாக நோக்கி வந்த அவள், உடையவர் திருவடியின் எதிரில் நின்று, இவை எம்பெருமானார் திருவடிகள் போன்றுள்ளன, வஸ்திரமோ வெண்மையாயிருக்கிறதே என்று கலங்கினாள். கொங்கிற் பிராட்டி எனப்படும் அம்மாதின் முன் உடையவர் தம்மை மறைக்கவில்லை.

கண்ணிழந்த ஆழ்வான் திருவரங்கம் திரும்பியபோது, இராமாநுசரோடு ஸம்பந்தம் உடையோர் கோயிலுக்குள் புகலாகாது என்னும் அரசாணை நிலவியது. வாயில் காப்போருள் ஒருவன் தடுத்தான். மற்றொருவன், ஆழ்வான் எவர்க்கும் நல்லவர், அவரை விடலாம் என்றான். அந்த வார்த்தையே போதுமானதாயிருந்தது. ஒன்றும் பேசாமல் உள்ளே சென்றால் பெரிய பெருமாள் ஸந்நிதி. ஆனால் ஆழ்வான் பின்வாங்கினார். நற்குணம் ஆசார்ய ஸம்பந்தத்தை உண்டாக்க வேண்டும். அதனை அறுத்துவிட்டுத் தம்மை உள்ளே சேர்க்குமாயின் அந்நற்குணமும் அந்த ஸேவையும் தமக்கு வேண்டா என்று திரும்பினார். சபையில் இராமாநுசன் என்று பெயர் கூறிக்கொள்ளத் துணிந்தவர், இராமாநுசருக்கு ஒன்றுமில்லாதவர் போல் ஒருகணம் வாளாநிற்கவும் இசையவில்லை. குடும்பத்துடன் திருமாலிருஞ்சோலை சென்று தங்கினார். அழகர் மீது சுந்தரபாஹு ஸ்தவம் பிறந்தது.

அரசன் மாண்டபின் உடையவர் திருநாராயணபுரத்திலிருந்து திருவரங்கம் மீண்டார். ஆழ்வானின் கோலம் கண்டு அழுதார். கண்ணைத் தரவல்லவர் கச்சியில் இருக்கிறார் என்று அழைத்து வந்து, தேவப்பெருமாள் மீது ஸ்தவம் பாடிப் பார்வை வேண்டச் சொன்னார். வரதராஜ ஸ்தவம் அரங்கேறியது. பெருமாள் உகந்து வரமளிக்க முன்வந்தபோது ஆழ்வான் கேட்டது, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்பது! ஒரு நாளேனும் தம்மிடம் அர்த்தம் கேட்டவன் தம்மவன். அவன் விட்டாலும் தாம் விடுவதற்கில்லை என்பது அவர் கொள்கை. வரம் கிடைத்தது, கண்ணைக் கேட்காததில் உடையவருக்கு வருத்தமே. தேவப்பெருமாளையும் ஆசார்யனையும் மட்டும் காணும் பார்வை அருளப்பட்டது என்று சொல்வாரும் உண்டு.

பின்னொரு நாள் ஆழ்வான் திருவரங்கத்தில் பெரிய பெருமாளிடம் பரமபதம் வேண்டிப் பெற்றார். அவருக்கு மட்டுமன்று, அவரோடு ஸம்பந்தம் உடைய அனைவர்க்கும் வீடளித்தோம் என்று திருவாய்மலர்ந்தருளினார் எம்பெருமான். செய்தி கேட்ட உடையவர், ஆழ்வானோடு ஸம்பந்தம் உடையோரில் தாமும் ஒருவரன்றோ என்று பேருவகை கொண்டு, தம் மேற்காஷாயத்தைக் கழற்றி ஆகாயத்தில் எறிந்து ஆடினார்.