ஜேம்ஸ் ஹார்னெல்

ஜேம்ஸ் ஹார்னெல் (1865 - 1949) ஒரு பிரித்தானியக் கடல்சார் விலங்கியலாளரும், மரக்கலங்களின் வரலாற்றை ஆராய்ந்தவரும் ஆவார். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குனராகப் பணியாற்றியவர். தமிழகக் கடற்கரையில் வழங்கிய கட்டுமரம், வள்ளம், தோணி ஆகியவை எவ்வாறு கட்டப்பட்டன என்பதைப் படங்களுடன் விரிவாகப் பதிந்து வைத்தவர்களுள் முதன்மையானவர். அக்கலங்களைக் கட்டிய ஓடாவிகள் (படகு கட்டும் தச்சர்கள்) தமது தொழிலை ஏட்டில் எழுதி வைக்கவில்லை. தந்தையிடமிருந்து மகனுக்குக் கைப்பழக்கமாகவே அது சென்றது. அதனால், இன்று கரையில் காணக் கிடைக்காத சில கலங்களைப் பற்றி அறிய ஹார்னெலின் நூல்களையே பெரிதும் நாட வேண்டியுள்ளது.

தொடக்க காலம்

ஹார்னெல் முறைப்படி மானிடவியல் பயின்றவர் அல்லர். அவரது துறை கடல்வாழ் உயிரினங்கள். பிரான்சுக் கரையை ஒட்டிய ஜெர்சித் தீவில், இயற்கையியலாளரான ஜோசப் சினெல் என்பவருடன் இணைந்து 1890களில் ஒரு கடல் உயிரியல் நிலையத்தை நடத்தினார்.

1902 ஆம் ஆண்டு இவரது வாழ்வின் திருப்பமாக அமைந்தது. மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் பல ஆண்டுகள் பெருகுவதும், பின்னர் திடீரெனக் காணாமற்போவதும் ஏன் என்று கண்டறிய இலங்கை அரசு பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மனை அழைத்தது. அவரது உதவியாளராக ஹார்னெல் இலங்கை வந்தார். ஹெர்ட்மன் சில மாதங்களில் நாடு திரும்பிவிட, ஹார்னெல் அங்கேயே தங்கி முத்துப்பார்களைத் தொடர்ந்து ஆய்ந்தார். இவ்வாய்வின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது.

நாடாப்புழுவின் இளம்புழுக்களே சிப்பியினுள் முத்து உருவாகக் காரணம் என்று இருவரும் கருதினர். இக்கருத்து பின்னர் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. வணிகத்திலும் இதே கதைதான். 1905 இல் நடந்த மிகப்பெரிய முத்துக்குளிப்பைக் கண்டு, 1906 இல் ஒரு நிறுவனம் இலங்கை முத்துப்பார்களை 20 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தது. ஹார்னெல் அதன் உயிரியலாளரானார். 1907 க்குப் பின் சிப்பிகள் வற்றிப்போக, அந்நிறுவனம் நீடிக்கவில்லை.

தூத்துக்குடியில்

1908 இல் சென்னை அரசு இவரைத் தூத்துக்குடியில் முத்து, சங்குச் சலாபங்களின் கண்காணிப்பாளராக நியமித்தது. (தூத்துக்குடி அன்று திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதி, 1986 இல்தான் தனி மாவட்டமானது.) சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறையைத் தொடங்கி வைத்த பிரெடெரிக் நிக்கல்சனுக்குப் பின்வந்த காலத்தில் ஹார்னெல் அத்துறையின் இயக்குனராக உயர்ந்து, 1924 இல் ஓய்வு பெற்றார்.

இக்காலத்தில் எழுதிய சங்கு பற்றிய நூல் (1914) தாமிரபரணிப் பகுதியின் வரலாற்றை அறிய விரும்புவோருக்கு முக்கியமானது. தாமிரபரணியின் முகத்துவாரம் முன்பு அமைந்திருந்த கொற்கையிலும், அதற்குப் பின் துறைமுகமாக விளங்கிய காயலிலும் அறுக்கப்பட்ட சங்குத் துண்டுகள் கிடைப்பதை ஹார்னெல் அதில் எடுத்துக்காட்டினார். வளையல் அறுத்தபின் எஞ்சிய கழிவுகளே அவை. சங்கு இங்கிருந்து வங்காளத்திற்கு அனுப்பப்பட்டு அங்கே வளையலாக்கப்படுவதே அவர் கண்ட நடைமுறை. ஆனால் பழங்காலத்தில் இங்கேயே வளையல் அறுக்கும் பட்டறைகள் இருந்தன என்பதற்கு அக்கழிவுகள் சான்றாயின. குப்பையிலிருந்து தொழிலை அறியும் இம்முறை இன்றைய தொல்லியலில் வழக்கமானது. ஒரு விலங்கியலாளர் 1914 இலேயே அதைச் செய்திருப்பது பாராட்டத்தக்கது.

இங்கே ஒன்றை மறந்துவிடலாகாது. சங்கு அன்று அரசின் தனியுரிமை. குளியாளர்கள் உயிரைப் பணயம் வைத்து எடுத்த சங்கை அரசு வைத்த விலைக்கு அரசிடமே ஒப்படைக்க வேண்டும். அந்த ஏற்பாட்டை நடத்திய அதிகாரி ஹார்னெல். கடற்கரை மக்களின் தொழிலை அவர் அவ்வளவு நுணுக்கமாக அறிய முடிந்ததற்கு அப்பதவியும் ஒரு காரணம். அவரது நூல்களைப் படிக்கும்போது, எழுதியவர் விருந்தினர் அல்லர், மேலதிகாரி என்பதை நினைவிற்கொள்வது நல்லது.

மரக்கல ஆய்வு

முத்துப்பார்களைச் சோதிக்கவும் மீன்பிடி முறைகளை ஆராயவும் ஹார்னெல் கரை நெடுகப் பயணம் செய்தார். அப்போது கண்ட கலங்களைப் பற்றி அவர் எழுதிய விரிவான ஆய்வை வங்காள ஆசியக் கழகம் 1920 இல் வெளியிட்டது. இந்தியப் படகு வடிவங்களின் தோற்றமும் இனவியல் முக்கியத்துவமும் அதன் பொருள்.

கட்டுமரம் என்றால் எல்லாக் கரையிலும் ஒன்றுதான் என்ற எண்ணத்தை இந்நூல் மாற்றியது. கரைக்குக் கரை மரங்களின் எண்ணிக்கையும், செதுக்கும் விதமும், இணைக்கும் விதமும் மாறுகின்றன. தமிழகத்தில் மரங்கள் கயிற்றால் கட்டப்படுகின்றன. வடக்கே ஆந்திரக் கரையில் மர ஆணிகள் இடம்பெறுகின்றன. நாகப்பட்டினப் பகுதியில் பறவைக்கோலா மீன் பிடிக்கச் செல்லும் கோலாமரம் சாதாரணக் கட்டுமரத்தை விடப் பெரியது. பாக்கு நீரிணையில் கள்ளத்தோணி என வழங்கிய ஒரு படகையும் அவர் விவரித்துள்ளார். அப்படகின் குறுக்கே நீண்ட பலகை ஒன்று கிடக்கும். காற்று பலமாகப் பாயைச் சாய்க்கும்போது ஆட்கள் அதன் மீது நகர்ந்து வெளியே சென்று, தம் உடல் எடையால் படகை நிமிர்த்துவர். (அச்சொல்லுக்குப் பிற்காலத்தில் வேறு பொருள் ஏறிவிட்டது.)

சென்னைக் கரையின் மசூலாப் படகு இன்னொரு வியப்பு. அதில் வங்கு எனப்படும் உட்புற விலாச் சட்டங்கள் இல்லை, ஆணியும் இல்லை. பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, இடுக்கில் புல் வைத்துக் கயிற்றால் தைத்துவிடுவர். அலை அடிக்கும்போது விறைப்பான படகு பிளக்கும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். துறைமுகம் இல்லாத காலத்துச் சென்னையில் கப்பற்பயணிகள் இப்படகுகளில்தான் கரை சேர்ந்தனர்.

இராதாபுரம் வட்டத்தின் இடிந்தகரை, கூத்தங்குழி, பெருமணல், கூட்டப்புளி போன்ற ஊர்களின் கரையை நோக்கினால் கட்டுமரத்தின் தேவை எளிதில் விளங்கும். பேராறு கலக்கும் முகத்துவாரமோ பழைய துறைமுகமோ இங்கு இல்லை. அலை நேராக மணலில் வந்து உடைகிறது. உட்குழிவான படகில் நீர் நிரம்பினால் அது அமிழும். கட்டுமரத்தில் நீர் நிரம்ப இடமே இல்லை. மேலே ஏறிய அலை மரங்களின் இடைவெளி வழியே இறங்கிவிடும். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே தூக்கிச் சென்று உலர்த்தலாம். மலைவேம்பு போன்ற மென்மரங்கள் இதற்குப் பயன்பட்டன. இவை நீரை உறிஞ்சும் இயல்புடையவை என்பதால், உலர்த்துவது வசதிக்காக மட்டுமன்று, மிதப்பு குறையாமல் இருக்கவும்தான்.

பாலினேசியக் கருதுகோள்

ஹார்னெலின் ஆய்வில் மிகுந்த விவாதத்திற்கு உள்ளான பகுதி இது. இலங்கையின் ஒருவ என்னும் படகில், ஒரு பக்கமாக நீளும் இரு கழிகளின் நுனியில் மிதவைக்கட்டை ஒன்று பிணைக்கப்பட்டிருக்கும். இவ்வமைப்பு பசிபிக் தீவுகளில் பரவலாக உள்ளது. இந்தியப் பெருநிலக் கரையில் அரிது. இத்தகைய ஒற்றுமைகளைக் கொண்டு, பழங்காலத்தில் பாலினேசியரை ஒத்த கடலோடிகள் தென்னிந்தியக் கரையில் வந்து குடியேறினர் என்றும், கடற்கரைச் சமூகங்கள் சிலவற்றில் அவர்களது இரத்தக் கலப்பு உண்டு என்றும் ஹார்னெல் கருதினார்.

உடல் தோற்றத்தைக் கொண்டு இனக்கலப்பைக் கணிக்கும் இரண்டாம் பகுதி அக்காலத்து மானிடவியலின் பிழை. இன்று அதற்கு மதிப்பில்லை. முதற்பகுதியை அவ்வாறு முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஆசுத்திரோனேசிய மொழி பேசிய கடலோடிகள் தென்னிந்தியாவுடனும் இலங்கையுடனும் தொடர்பு கொண்டிருந்தனர் என்பதைப் பிற்கால ஆய்வாளர் பலர் ஏற்கின்றனர். படகு, படவு என்னும் சொற்களே அம்மொழிகளிலிருந்து வந்தவை என்று மொழியியலாளர் வருணோ மாடி கருதுகிறார்.

பசிபிக் பயணமும் பிற்கால நூல்களும்

ஓய்வு பெற்றதும் ஹார்னெல் வீட்டில் அமரவில்லை. 1924-25 இல் செயின்ட் ஜார்ஜ் என்னும் கப்பலில் பசிபிக் தீவுகளுக்குச் சென்ற அறிவியல் குழுவில் இடம்பெற்றார். மொரிசியசு, சீசெல்சு, பாலத்தீனம் ஆகியவற்றின் மீன்வளம் குறித்தும் அறிக்கைகள் எழுதினார். பசிபிக் படகுகளைப் பற்றி ஏ. சி. ஹேடனுடன் சேர்ந்து எழுதிய மூன்று தொகுதிகளை ஹொனலுலுவின் பிஷப் அருங்காட்சியகம் 1936 முதல் 1938 வரை வெளியிட்டது. உலக மரக்கலங்களின் தோற்றம் பற்றிய நூல் 1946 இல் கேம்பிரிட்ஜில் அச்சானது. ஹார்னெல் 1949 இல் காலமானார். மீன்பிடித்தல் பற்றிய கடைசி நூல் அடுத்த ஆண்டே வெளிவந்தது.

பசிபிக் நூல் 1975 இல் மறுபதிப்புக் கண்டது. மறுஆண்டில் ஹோக்குலேயா என்னும் இரட்டைக் கலம், கருவிகளின் துணையின்றி விண்மீன்களை நோக்கியே ஹவாயிலிருந்து தாகித்திக்குச் சென்றது. அதன்பின் தீவுகள் பலவற்றில் பழங்கலங்களை மீண்டும் கட்டும் ஆர்வம் பெருகியது.

வட அமெரிக்காவிலும் பூர்வகுடிகளின் சிறுபடகு வடிவம் அழியவில்லை. மெல்லிய தேவதாருப் பட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, வீட்டுக் கொட்டகையிலேயே அதைக் கட்டிக்கொள்பவர்கள் ஏராளம். அதற்கான வரைபடங்கள் கடையில் கிடைக்கின்றன. வீட்டிலேயே கட்டுமரம் கட்ட முனையும் தமிழருக்கு அத்தகைய கையேடு இல்லை. ஹார்னெலின் நூல் கையேடு அன்று என்றாலும், அதற்கு மிக அருகில் வருவது அதுவே.

தமிழகக் கரையில் பின்னர்

குமரி மாவட்டம் முட்டத்தில் 1980களில் ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டப்பட்டன. பலகைகளின் ஓரங்களைக் கம்பியால் தைத்து, தையலின்மேல் கண்ணாடி இழையும் பிசினும் பூசுவது அம்முறை. கயிறு கம்பியானது, தைப்பது மாறவில்லை. அதன்பின் வெளிப்பொருத்து இயந்திரம் பூட்டிய கண்ணாடி இழைப் படகுகள் பரவின. இராதாபுரம் வட்டக் கரையிலும் இன்று அவையே பெரும்பான்மை.

ஹார்னெலுக்குப் பின் இத்துறையில் குறிப்பிடத்தக்க களப்பணியைச் செய்தவர்கள் ஷான் மெக்ரெய்ல் குழுவினர். அவர்களது தெற்காசியப் படகுகள் பற்றிய நூல் 2003 இல் வெளிவந்தது. பாக்கு நீரிணைப் பகுதியின் வத்தை என்னும் படகைக் கட்டும் ஓடாவிகள் வங்குகளின் வளைவுகளை முன்கூட்டியே பலகையில் வரைந்துகொண்டு, அவற்றை ஏராவின் (அடிக்கட்டையின்) மீது நிறுத்திய பிறகே பலகை அடிக்கின்றனர் என்பதை இக்குழு பதிவு செய்துள்ளது.