ஒரு வேளை உணவும் பத்து ரூபாயும்

தவக்காலம் வந்துவிட்டால் நம் பள்ளி வகுப்புகளில் மண் உண்டியல்கள் வந்து அமர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை தின்பண்டக் காசு அதில் விழும். ஏழைகளின் பசி தீர்க்க அது போய்ச் சேரும். காசைப் போடுவது எளிது. அன்று மாலை வயிற்றைச் சமாதானப்படுத்துவதுதான் கடினம் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். இந்தச் சிறு துன்பத்தைத் தம் வாழ்நாள் பழக்கமாகவே ஆக்கிக்கொண்ட ஒரு பெரியவரின் வரலாற்றை இங்கே நினைத்துப் பார்ப்போம். அவர்தான் நம் நாட்டின் இரண்டாவது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி.

1904ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காசிக்கு அருகிலுள்ள முகல்சராயில் அவர் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியராக இருந்து, பின் அரசு அலுவலகத்தில் எழுத்தர் ஆனவர். குழந்தைக்கு இரண்டு வயது நிறையும் முன்பே அவர் காலமானார். தாயார் ராம்துலாரி தேவி தம் குழந்தைகளுடன் பிறந்தகம் சேர்ந்தார். கொளுத்தும் வெயிலிலும் காலணியின்றிப் பல மைல் நடந்து பள்ளி சென்ற சிறுவன், இல்லாமையை இளமையிலேயே கற்றுக்கொண்டான். பிற்காலத்தில் காசி வித்யாபீடத்தில் பெற்ற சாஸ்திரி என்னும் பட்டமே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1928இல் லலிதா தேவியை மணந்தபோது அவர் ஏற்றுக்கொண்ட சீர் ஓர் இராட்டையும் சில முழக் கதர்த் துணியும் மட்டுமே.

லாலா லஜபதி ராய் 1921இல் தொடங்கிய மக்கள் ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்காக அவர் உழைத்தார். விடுதலைப் போரில் பல ஆண்டுகள் சிறையிலும் இருந்தார். அந்நாளில் நடந்த ஒரு நிகழ்ச்சியை, அவர் வரலாற்றைச் சொல்வோர் தவறாமல் சொல்வார்கள். சிறை சென்ற ஊழியர்களின் குடும்பங்களுக்குச் சங்கம் உதவித்தொகை அளித்து வந்தது. சாஸ்திரியின் குடும்பத்திற்கு மாதம் 50 ரூபாய். தொகை போதுமானதாக இருக்கிறதா என்று சிறையிலிருந்து மனைவியிடம் அவர் கேட்டார். 40 ரூபாயில் குடும்பத்தை நடத்தி 10 ரூபாய் மிச்சம் பிடிப்பதாக லலிதா தேவி மகிழ்ச்சியோடு தெரிவித்தார். சாஸ்திரி உடனே சங்கத்திற்கு எழுதினார். தம் குடும்பத்திற்கு 40 ரூபாயே போதும். மீதி 10 ரூபாயைத் தேவையுள்ள வேறொருவருக்குத் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

இந்நிகழ்ச்சியை வகுப்பில் பேசியபோது நமக்குள் ஒரு வாக்குவாதமே எழுந்தது. அந்தப் பத்து ரூபாயை மிச்சம் பிடித்தவர் யார்? பருப்பைக் குறைத்து, எண்ணெயை அளந்து ஊற்றி, பிள்ளைகளின் வயிறும் வாடாமல் பார்த்துக்கொண்டவர் லலிதா தேவி அல்லவா? அவரைக் கேளாமல் அதைக் கொடுத்துவிட்டது நியாயமா என்று சில மாணவியர் கேட்டனர். நல்ல கேள்விதான். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் காலணித் தொழிற்சாலைக்கும் தோல் பதனிடும் ஆலைக்கும் வேலைக்குப் போய், வாரக் கூலியில் குடும்பம் நடத்தும் தாய்மார்களை நாம் அறிவோம். ஒரு வீட்டிலிருந்து தருமம் புறப்படுகிறது என்றால், அது பெரும்பாலும் அடுப்படியிலிருந்துதான் புறப்படுகிறது. சாஸ்திரியின் புகழில் பாதி லலிதா தேவிக்கு உரியது என்பதே நாம் கண்ட முடிவு.

விடுதலைக்குப் பின் அவர் மத்திய இரயில்வே அமைச்சரானார். 1956 நவம்பரில் நம் தமிழகத்து அரியலூரில், மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயருக்குத் தாமே பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். மலையிறங்கி ஜோலார்பேட்டை சந்திப்பில் வண்டிக்காக நிற்கும் போதெல்லாம் இதை எண்ணிப் பார்க்கலாம்.

1964 ஜூன் 9ஆம் நாள் அவர் பிரதமர் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டே நாட்டுக்குப் பெருஞ்சோதனை வந்தது. ஒருபுறம் பாகிஸ்தானுடன் போர். மறுபுறம் மழை பொய்த்தது. 1964-65இல் சுமார் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல், மறு ஆண்டில் 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்த காலம் அது. அதுவும் தடைப்படும் நிலை.

வாரத்தில் ஒரு வேளை உணவைத் துறந்து, அந்தத் தானியம் இல்லாதவருக்குக் கிடைக்கச் செய்யுமாறு மக்களை வேண்டிக்கொள்ள அவர் எண்ணினார். ஆனால் ஊருக்குச் சொல்லும் முன் வீட்டில் சோதித்துப் பார்த்தார். ஒரு நாள் மாலை அடுப்பு மூட்டவேண்டாம் என்று மனைவியிடம் கூறினார். தம் பிள்ளைகளால் அந்தப் பசியைத் தாங்க முடிகிறது என்று கண்ட பிறகே நாட்டு மக்களிடம் கேட்டார். மக்களும் செவிசாய்த்தனர். திங்கட்கிழமை மாலைகளில் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. உணவு விடுதிகளும் மூடிக்கிடந்தன. சாஸ்திரி விரதம் என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று.

பட்டினி கிடந்தால் மட்டும் பஞ்சம் தீராது என்பதும் அவருக்குத் தெரியும். தம் வீட்டுப் புல்வெளியையே உழுது பயிரிட்டார். உணவு அமைச்சராயிருந்த நம் கோவை மாவட்டத்துச் சி. சுப்பிரமணியம் புதிய கோதுமை விதைகளைக் கொண்டுவரத் துணிந்தபோது, அவருக்குத் துணை நின்றார். பின்னாளில் பசுமைப் புரட்சி என்று போற்றப்பட்ட மாற்றத்திற்கு அதுவே தொடக்கமாயிற்று.

அதன் விளைவைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்ட சில மணி நேரத்தில், 1966 ஜனவரி 11ஆம் நாள் அதிகாலை, தாஷ்கண்ட் நகரில் உயிர் நீத்தார். அவர் விட்டுச் சென்றவற்றுள் ஒரு சிறு கார் வாங்கிய கடனும் இருந்தது. அதை லலிதா தேவி தம் ஓய்வூதியத்திலிருந்து அடைத்தார். அவ்வாண்டே நாடு அவருக்குப் பாரத ரத்னா விருது அளித்தது.

அன்புத் தோழியரே! பசியைப் பொறுத்துக்கொள்வோரின் ஆற்றலைவிட, பிறர் பசியை மாற்றுவோரின் ஆற்றலே பெரிது என்கிறார் வள்ளுவர். வெறும் பட்டினி நோன்பாகாது. நாம் உண்ணாமல் விட்டது இன்னொருவர் இலைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அது நோன்பு. காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வரும் தோழி நம்மிடையேயும் இருக்கக்கூடும். அவளிடம் உண்டியலை நீட்டவேண்டாம். நம் டப்பாவைத் திறந்து அவளோடு பகிர்ந்துகொள்வோம். நம் காசைப் போடும் முன், அதை மிச்சம் பிடித்துக் கொடுத்த அம்மாவையும் ஒரு கணம் நன்றியோடு நினைப்போம். அடுத்த வெள்ளிக்கிழமை உண்டியலில் விழும் காசு சிறியதாக இருக்கலாம். அன்று லலிதா தேவி மிச்சம் பிடித்ததும் பத்து ரூபாய்தானே!