பாருக்குப் போகாமல் டெலிபோன் பக்கம் திரும்பியவர்

இனித் தொடுவதில்லை என்று எத்தனையோ முறை சத்தியம் செய்துவிட்டு, அத்தனை முறையும் மீண்டும் குடித்தவர் பில் வில்ஸன். பிற்காலத்தில் லட்சக்கணக்கானோர் குடியை விடக் காரணமாக இருந்தவரும் அவர்தான்.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஈஸ்ட் டார்செட் என்னும் சிற்றூரில் 1895 நவம்பர் 26ந் தேதி பிறந்தார். தாயும் தந்தையும் பிரிந்துவிடவே, தாய்வழிப் பாட்டனார் வீட்டில் வளர்ந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் பட்டாளத்தில் அதிகாரியானபோது, விருந்துகளில் மது பழக்கமாயிற்று. கூச்ச சுபாவம் உள்ளவர். கிளாஸ் காலியாகக் காலியாகக் கூச்சமும் போயிற்று. வினை அங்கேதான் ஆரம்பம். 1918ல் லோயிஸ் அம்மையாரை மணந்தார். நியூயார்க் பங்கு மார்க்கெட்டில் நிறையச் சம்பாதித்தார். 1929ல் மார்க்கெட் சரிந்தது, எல்லாம் போயிற்று. கடையில் வேலை பார்த்த மனைவியின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அவர் கைப்பையிலிருந்தும் குடிக்கக் காசு எடுத்தார் கணவர்.

ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பச் சேர்த்தார்கள். குடி ஒழுக்கக்கேடு அல்ல, நோய் என்று அங்கே விளக்கியவர் டாக்டர் சில்க்வொர்த். குடியை விட்டிருந்த பழைய நண்பர் ஒருவரும் வந்து பேசினார். 1934 டிசம்பரில் பில் கடைசியாகக் குடித்தார். பிறகு ஐந்து மாதம், கண்ணில் பட்ட குடிகாரர்களுக்கெல்லாம் உபதேசம்! ஒருவர்கூடத் திருந்தவில்லை. ஆனால் உபதேசம் செய்தவர் குடிக்காமல் இருக்கிறாரே என்பதைக் கவனித்தவர் மனைவிதான்.

பத்துப் பெயர்கள்

1935 மே மாதம், வியாபார விஷயமாக ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குப் போனார். போன காரியம் தோற்றது. கையில் சில டாலர்கள். தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஊர். சனிக்கிழமை. ஹோட்டல் முன்கூடத்தில் ஒரு பக்கம் பார்; உள்ளே சிரிப்பும் சத்தமும். இன்னொரு பக்கம் டெலிபோன். அருகே சர்ச்சுகளின் பெயர்ப்பட்டியல். பிழைப்புக்காக அயலூர் போய், மாலை வேளையில் அறைக்குத் திரும்பத் துணையில்லாமல் நின்றவர்களுக்கு அந்த நிமிஷம் புரியும்.

தன்னைக் காப்பாற்றிக் கொள்ள இன்னொரு குடிகாரர் தேவை என்று பில்லுக்குத் தோன்றிவிட்டது. ஒரு பாதிரியாரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவர் பத்துப் பேரின் பெயர்களைக் கொடுத்தார். ஒவ்வொன்றாக முயன்று, கடைசியில் ஹென்ரியட்டா ஸைபர்லிங் என்ற அம்மையார் கிடைத்தார். குடியால் தொழிலே கெட்டுப்போன டாக்டர் பாப் ஸ்மித்தை அந்த அம்மையாருக்குத் தெரியும். ஆனால் டாக்டர் அன்று போதையில் கிடந்தார். மறுநாள்தான் வர முடிந்தது. கால் மணி நேரம்தான் இருப்பேன் என்ற நிபந்தனையோடு வந்தவர், பல மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். பில் இந்த முறை உபதேசம் செய்யவில்லை. தன் கதையை மட்டும் சொன்னார். அதுதான் வித்தியாசம்.

டாக்டர் இடையில் ஒருமுறை சறுக்கினார். திரும்பி வந்த பிறகு, ஆபரேஷனுக்குப் போகுமுன் கை நடுக்கம் அடங்க பில்லே ஒரு பீர் கொடுத்தாராம். டாக்டரின் கடைசி மது அதுதான். அந்த நாளை ஜூன் 10 என்று கணக்கிட்டு, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. அடுத்து இருவரும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த வக்கீல் ஒருவரிடம் போனார்கள். அவரும் எழுந்து நடந்தார்.

1939ல் இயக்கத்தின் பெயரிலேயே புத்தகம் வந்தது. அதே வருஷம் பில் குடியிருந்த வீடு கடனில் போயிற்று. தம்பதி இரண்டு ஆண்டு நண்பர்கள் வீடுகளில் தங்கினர். 1941ல் பெரிய பத்திரிகை ஒன்றில் கட்டுரை வந்தபின்தான் கூட்டம் பெருகிற்று.

கூட்டத்தில் ஒன்றும் மர்மம் இல்லை. சர்ச் அறையோ பள்ளிக்கூட அறையோ போதும், நாற்காலி, டீ. முழுப்பெயரை யாரும் கேட்பதில்லை. சந்தா கிடையாது, செலவுக்கு உறுப்பினர்களே விரும்பியதைப் போடுகிறார்கள். குடியை விடவேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. ஒருவர் எழுந்து தன் கதையைச் சொல்ல, மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்கிறார்கள். புதிதாக வந்தவர் பேசாமலே உட்கார்ந்திருந்து போகலாம். சுமார் 180 நாடுகளில் இப்படி நடக்கிறது. சென்னை, பெங்களூரு, மும்பையிலும் உண்டு. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று, லோயிஸ் அம்மையார் 1951ல் அல்-அனான் என்ற தனி அமைப்பை உருவாக்கினார்.

பில் மகாத்மா அல்லர். பல ஆண்டு மனச்சோர்வில் உழன்றார். சிகரெட்டை விட முடியாமல் நுரையீரல் கெட்டது. கடைசி நோயில் விஸ்கி கேட்டார் என்பது நர்ஸ் குறிப்பிலேயே இருக்கிறது. கொடுக்கவில்லை. பெயர் வெளியிடாமை என்ற விதிக்குக் கட்டுப்பட்டு, யேல் பல்கலைக்கழகம் அளிக்க முன்வந்த டாக்டர் பட்டத்தை மறுத்தார்.

1971 ஜனவரி 24, அவருடைய 53வது திருமண நாள். அன்று மயாமியில் காலமானார். சொந்த ஊர் மயானத்தில் உள்ள அவர் கல்லில் பெயரும் பட்டாளப் பதவியும் தேதிகளும் உண்டு. இயக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.