இரண்டு விரல் கிதார்

குட்டீஸ், உங்கள் இடது கையைக் கொஞ்சம் நீட்டுங்கள். மோதிர விரலையும் சுண்டு விரலையும் உள்ளங்கைப் பக்கமாக மடக்கிக் கொள்ளுங்கள். இப்போது அந்தக் கையால் மட்டும் சட்டைப் பொத்தானைப் போட்டுப் பாருங்கள். கஷ்டமாக இருக்கிறது அல்லவா? ஏறக்குறைய இப்படிப்பட்ட ஒரு கையோடு ஒருவர் கிதார் வாசித்தார். எல்லா விரல்களும் நன்றாக இருந்தவர்கள்கூட வாயைப் பிளந்து பார்க்கும்படி வாசித்தார்! அவர்தான் ஜாங்கோ ரைன்ஹார்ட்.

1910ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் தேதி, பெல்ஜியம் நாட்டில் லிபெர்ஷி என்ற ஊரில் ஒரு கூண்டு வண்டியில் ஜாங்கோ பிறந்தார். ஊர் ஊராக வண்டியில் செல்லும் ஜிப்ஸி மக்களில் 'மனூஷ்' என்ற பிரிவைச் சேர்ந்தது அவரது குடும்பம். அவர்களது முன்னோர்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடமேற்குப் பகுதியிலிருந்து புறப்பட்டுப் போனவர்கள். மனூஷ் என்றால் அவர்கள் மொழியில் மனிதன் என்று பொருள். நாம் பேச்சில் மனுஷன் என்கிறோமே, அதற்குச் சொந்தக்கார வார்த்தைதான் இது!

பாரிஸ் நகரத்தின் எல்லையில், ஏழைகளின் குடிசைகளுக்கு நடுவே அவர்களது வண்டி நின்றது. ஜாங்கோ பள்ளிக்கூடம் போகவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. 12 வயதில் பாஞ்சோவும் கிதாரும் கலந்தது போன்ற ஒரு வாத்தியம் அவருக்குக் கிடைத்தது. சொல்லிக் கொடுக்க வாத்தியார் இல்லை. மற்றவர்கள் வாசிக்கும்போது அவர்களது விரல்களையே உற்றுப் பார்ப்பார். பிறகு தானே வாசித்துப் பழகுவார். சில வருடங்களிலேயே நடன அரங்குகளில் அக்கார்டியன் கலைஞர்களோடு சேர்ந்து வாசித்துச் சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டார். 1928இல் அவர் வாசித்த இசைத்தட்டுகளும் வெளிவந்தன. பாவம், தன் பெயரைச் சரியாக எழுதிக் காட்ட அவரால் முடியவில்லை. எனவே இசைத்தட்டில் 'ஜியாங்கோ ரெனார்' என்று தப்பாக அச்சிட்டுவிட்டார்கள்.

அதே ஆண்டு ஜாக் ஹில்டன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேய இசைக்குழுத் தலைவர் ஜாங்கோவின் வாசிப்பைக் கேட்டார். உடனே தன் குழுவில் சேர அழைத்தார். 18 வயதுப் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால், அந்த வேலையில் ஜாங்கோ சேரவே இல்லை.

ஒருநாள் நள்ளிரவு நிகழ்ச்சி முடிந்து வண்டிக்குத் திரும்பினார். அவரது மனைவி விற்பதற்காகச் செய்த காகிதப் பூக்களும் செல்லுலாய்டு பூக்களும் வண்டி முழுவதும் குவிந்து கிடந்தன. செல்லுலாய்டு என்பது அந்தக் கால சினிமா பிலிம் செய்யப் பயன்பட்ட பொருள். ஒரு பொறி பட்டால் போதும், குபீரென்று பற்றிக்கொள்ளும். பூக்களுக்கு இடையே ஏதோ எலி ஓடும் சத்தம் கேட்டதாம். பார்ப்பதற்காக மெழுகுவர்த்தியோடு குனிந்தார் ஜாங்கோ. அது கை தவறிப் பூக்களின்மேல் விழுந்தது. கண்மூடித் திறப்பதற்குள் வண்டியே தீப்பிழம்பானது. ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு எப்படியோ தப்பித்தார். மனைவியும் பிழைத்தார். ஆனால், ஜாங்கோவின் வலது காலும் இடது கையும் கருகிவிட்டன.

காலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். அவர் சம்மதிக்கவில்லை. கால் பிழைத்தது. இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் சுருங்கி மடங்கியபடியே நின்றுவிட்டன. கிதாரில் தந்திகளை அழுத்தி ஸ்வரங்களை உண்டாக்குவது இடது கைதானே? இனி இவன் வாசிக்க மாட்டான் என்றே பலரும் நினைத்தார்கள்.

தம்பி ஜோசப் புதிதாக ஒரு கிதாரைக் கொண்டுவந்து கொடுத்தார். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு சிகிச்சை. அந்த நாட்களில் படுக்கையில் இருந்தபடியே ஜாங்கோ பழைய முறையை எல்லாம் தூக்கிப் போட்டார். ஆள்காட்டி விரலும் நடு விரலும் கிதாரின் கழுத்தில் மேலும் கீழும் ஓடிப் பழகின. தடிமனான தந்திகளைக் கட்டை விரலால் அழுத்தினார். மடங்கிய விரல்களையும் சும்மா விடவில்லை! பல ஸ்வரங்களைச் சேர்த்து வாசிக்கும்போது கடைசி இரண்டு தந்திகளின்மேல் அவற்றைச் சாய்த்துக் கொள்வார்.

1931இல் தென் பிரான்சின் தூலோன் நகரில் காபிக் கடைகளில் அண்ணனும் தம்பியும் வாசித்துக்கொண்டிருந்தனர். அங்கே எமில் சாவித்ரி என்ற ஓவியர் அவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தார். அவரிடம் அமெரிக்க இசைத்தட்டுகள் இருந்தன. அவற்றில்தான் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட்டை ஜாங்கோ கேட்டார். கேட்டவுடன் அழுதுவிட்டாராம்!

அது என்ன இசை? அமெரிக்காவின் தென்பகுதியில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் சந்ததியினர், வயலில் பாடுபட்டபடி பாடிய பாட்டுகளிலிருந்து பிறந்தது புளூஸ். நம் பாகவதர்கள் கமகம் கொடுப்பது போல ஸ்வரத்தை லேசாக வளைத்து, சோகத்தை இழைத்துப் பாடுவார்கள். அந்த புளூஸ் இசையும் சேர்ந்து உருவானதுதான் ஜாஸ். ஜாங்கோவுக்கு ஆங்கிலம் தெரியாது. அமெரிக்காவைப் பார்த்தது இல்லை. ஆனால், துரத்தப்பட்டு வாழும் மக்களின் சோகம் எந்த மொழியில் இருந்தால் என்ன, அவருக்குப் புரியாமல் போகுமா?

அந்த இசையின்மேல் பைத்தியமாக இருந்த சில பிரெஞ்சு இளைஞர்கள் 1932இல் 'ஹாட் கிளப்' என்ற சங்கத்தை நடத்தினார்கள். பாரிஸில் கிளாரிட்ஜ் என்ற ஓட்டலில் ஜாங்கோவும், ஸ்டெஃபான் கிராப்பெல்லி என்ற வயலின் கலைஞரும் இடைவேளையில் திரைக்குப் பின்னால் விளையாட்டாக வாசிப்பார்கள். அதிலிருந்து 1934இல் பிறந்தது ஐவர் குழு. ஒரு வயலின், மூன்று கிதார், ஒரு டபுள் பாஸ். டிரம்ஸும் கிடையாது, டிரம்பெட்டும் கிடையாது! கிராப்பெல்லி தனியாக வாசிக்கும்போது பக்கபலமாக இரண்டு கிதார் இருக்கிறதே, எனக்கு மட்டும் ஒன்றுதானா என்று ஜாங்கோ முணுமுணுத்ததால்தான் மூன்றாவது கிதார் வந்ததாம். தன் பெயரைக் கையெழுத்துப் போட ஜாங்கோவுக்குக் கற்றுக் கொடுத்ததும் இந்த கிராப்பெல்லிதான். பிற்காலத்தில் நம் வயலின் மேதை எல்.சுப்ரமணியத்துடன் சேர்ந்தும் இவர் இசைத்தட்டு வெளியிட்டார்.

1939இல் இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது குழு லண்டனில் இருந்தது. கிராப்பெல்லி அங்கேயே தங்கிவிட்டார். ஜாங்கோ பாரிஸ் திரும்பினார். அடுத்த ஆண்டு ஹிட்லரின் படை பாரிஸைப் பிடித்தது. ஜிப்ஸி மக்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்ட காலம் அது. ஜாங்கோவோ தினமும் மேடையில் நின்று, ஹிட்லர் ஆட்சி வெறுத்த கறுப்பினத்தவரின் இசையை வாசித்தார்! ஆங்கிலப் பெயர் இருந்தால் ஆபத்து என்று 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' என்ற பாட்டுக்கு, 'செயின்ட் லூயியின் சோகம்' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரை இசைக் கலைஞர்கள் சூட்டினார்களாம். பெயர்தான் மாறியது, பாட்டு அதேதான். 1943இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் செல்ல முயன்றார் ஜாங்கோ. முடியவில்லை. அதே ஆண்டு அவரே உருவாக்கிய 'புளூஸ் க்ளேர்' என்ற இசை பதிவானது. இன்று கேட்டாலும் அதில் பயமே தெரியாது.

போர் முடிந்ததும், 1946இல் அமெரிக்காவின் ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் அவரை அழைத்தார். நியூயார்க் கார்னகி அரங்கில் நிகழ்ச்சி. முதல் நாள் கைதட்டல் காதைப் பிளந்தது. மறுநாளோ ஆளையே காணோம்! ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தார். நேரம் தவறுவதில் ஜாங்கோ மகா கெட்டிக்காரர். அந்த விஷயத்தில் மட்டும் அவரைப் பின்பற்றிவிடாதீர்கள்.

கடைசிக் காலத்தில் சேன் நதிக்கரையில் சாமுவா என்ற ஊரில் மீன் பிடித்தும் ஓவியம் வரைந்தும் வாழ்ந்தார். 1953ஆம் ஆண்டு மே 16ஆம் தேதி, மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டுக் காலமானார். அப்போது அவருக்கு வயது 43தான்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத் தொழிற்சாலை ஒன்றில் டோனி அயோமி என்ற 17 வயது இளைஞனின் இரண்டு விரல் நுனிகள் இயந்திரத்தில் சிக்கித் துண்டாகின. அவனும் கிதார் வாசிப்பவன்தான். இடிந்துபோய் வீட்டில் கிடந்தவனைப் பார்க்க வந்த மேலாளர், கையில் ஓர் இசைத்தட்டு கொண்டுவந்தார். யாருடைய இசைத்தட்டு என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்! அதைக் கேட்ட டோனி, பிளாஸ்டிக்கை உருக்கி விரல்களுக்குத் தானே தொப்பி செய்து மாட்டிக்கொண்டு மறுபடியும் கிதாரை எடுத்தான். 1968இல் நண்பர்களோடு ஒரு புளூஸ் குழுவைத் தொடங்கினான். அதுதான் பிறகு 'பிளாக் சபாத்' என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது.