சிரிப்பு நடிகருக்குப் போட்டியாக வந்த பிஷப்

1952-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந்தேதி, செவ்வாய்க்கிழமை இரவு 8 மணி. நியூயார்க் அடெல்பி தியேட்டர் மேடையில் ஒரு பிஷப் வந்து நின்றார். கறுப்பு அங்கி, தோளில் ஊதா நிறப் போர்வை, மார்பில் சிலுவை. பக்கத்தில் ஒரு கரும்பலகை. கையில் காகிதம் எதுவும் இல்லை. டெலிவிஷன் காமிராவைப் பார்த்து அரை மணி நேரம் பேசினார்.

அதே நேரத்தில் வேறொரு டெலிவிஷன் கம்பெனியில் மில்டன் பெர்ல் என்ற சிரிப்பு நடிகரின் நிகழ்ச்சி. செவ்வாய் இரவு என்றாலே அமெரிக்காவில் பெர்ல்தான். அவரோடு மோதி யாரும் தேறியதில்லை. எதைப் போட்டாலும் எடுபடாத நேரம் என்றுதான் டுமான்ட் கம்பெனி அதை பிஷப்புக்குக் கொடுத்தது.

அந்த பிஷப்தான் புல்ட்டன் ஷீன்.

உடைந்த குப்பி

1895-ம் ஆண்டு மே 8-ந்தேதி இல்லினாய் மாநிலத்தில் எல்பாசோ என்ற சிற்றூரில் ஷீன் பிறந்தார். விவசாயக் குடும்பம். பிறகு பியோரியா நகரில் குடியேறினார்கள். 8 வயதில் அங்குள்ள தேவாலயத்தில் பூசைக்கு உதவி செய்தபோது, திராட்சை ரசக் குப்பியைக் கீழே போட்டு உடைத்துவிட்டார். பையன் நடுங்கிப் போனான். பிஷப் ஸ்பால்டிங் கோபிக்கவில்லை. நீயும் ஒரு நாள் என்னைப்போல் ஆவாய் என்று தட்டிக் கொடுத்தார்.

1919-ல் குரு பட்டம் பெற்ற ஷீன், பெல்ஜியம் நாட்டு லூவெய்ன் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து டாக்டர் பட்டம் வாங்கினார். பெரிய பல்கலைக்கழகங்களில் உத்தியோகம் காத்திருந்தது. ஆனால் அவருடைய பிஷப் அவரை ஊருக்கு அழைத்து, பியோரியாவின் ஏழைப் பேட்டை ஒன்றில் உதவிக் குருவாகப் போட்டார். முணுமுணுக்காமல் வீடு வீடாகப் போனார் ஷீன். சுமார் ஒரு வருடம் கழித்துத்தான் விஷயம் வெளியானது: படித்த பிள்ளை கீழ்ப்படிகிறானா என்று பிஷப் பார்த்திருக்கிறார்!

தேவதூதன்

1926 முதல் வாஷிங்டனில் பேராசிரியர். 1930-ல் ரேடியோவில் பேச ஆரம்பித்தார். 1951-ல் பிஷப் ஆனார். மறு ஆண்டு டெலிவிஷன்.

பேச்சை அவர் எழுதி வைத்துப் படிப்பதில்லை. பல மணி நேரம் தயார் செய்வார். பிரெஞ்சிலும் இத்தாலியிலும் நண்பர்களிடம் பேசிப் பார்ப்பார். வேற்று மொழியில் சொல்ல வந்தால்தான் விஷயம் தெளிவாகப் பிடிபடும் என்பது அவர் எண்ணம். கரும்பலகை நிறைந்ததும் நகர்ந்து விடுவார். காமிரா அவரைப் பின்தொடரும்போது ஒரு சிப்பந்தி வந்து பலகையைத் துடைப்பார். துடைத்தவர் தேவதூதன் என்பார் ஷீன். சபை சிரிக்கும்.

வாரந்தோறும் ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. யூதர்களும் புராட்டஸ்டண்டுகளும் பார்த்தார்கள். 1953-ல் எம்மி பரிசு கிடைத்தபோது, தனக்கு எழுதிக் கொடுத்த நாலு பேருக்கு நன்றி சொன்னார். அந்த நாலு பேர் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் ஜூலியஸ் சீசர் நாடகத்தின் அடக்கக் காட்சியை ஸ்டாலின் பெயரைப் போட்டு உணர்ச்சியோடு வாசித்துக் காட்டினார். மார்ச் 5-ந்தேதி ஸ்டாலின் இறந்தார். நாடே வியந்து பேசியது.

பால் பவுடர் சண்டை

டெலிவிஷன் வருமானத்தை வெளிநாட்டு ஏழைகளுக்கான சபைப் பணிக்கே கொடுத்தார். அந்த நிதிக்கு அமெரிக்கத் தலைவரும் அவரே. அங்கேதான் வம்பு வந்தது. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பால் பவுடருக்கு, நிதியிலிருந்து பணம் கட்டும்படி நியூயார்க் கார்டினல் ஸ்பெல்மன் கேட்டார். ஸ்பெல்மன் அவருக்கு மேலதிகாரி. அன்று முணுமுணுக்காமல் பணிந்தவர் இம்முறை மறுத்தார். வழக்கு போப் ஆண்டவர் 12-ம் பத்திநாதர் வரை போனது. ஷீன் பக்கமே நியாயம் என்று தீர்ப்பானது.

ஜெயித்தவர்தான் நஷ்டப்பட்டார். 1957-ல் அந்த டெலிவிஷன் நிகழ்ச்சி நின்றது. நியூயார்க்கின் பெரிய கோவில்களில் பிரசங்க மேடைகள் அவருக்கு மூடின. தன் சுயசரிதையில் இந்தச் சண்டையை அவர் விவரிக்கவே இல்லை. தன்னிடமிருந்த தற்பெருமையையும் சொகுசு ஆசையையும் மட்டும் ஒளிக்காமல் எழுதினார்.

1966-ல், 71 வயதில், ராச்செஸ்டர் நகர பிஷப்பாக அனுப்பப்பட்டார். மறு ஆண்டே வியட்நாமிலிருந்து அமெரிக்கப் படைகள் வெளியேற வேண்டும் என்று பிரசங்கம் செய்தார். 1968-ல் ஒரு கோவிலை, ஏழைகளுக்கு வீடு கட்டுவதற்காக அரசாங்கத்துக்குக் கொடுக்க முன்வந்தார். அந்தக் கோவில் மக்களைக் கலந்து பேசவில்லை. அவர்கள் கொதித்து எழுந்தார்கள். சில நாட்களில் பின்வாங்க வேண்டியதாயிற்று. கோடிப் பேரைக் கவர்ந்தவரால் ஒரு ஊரை நடத்த முடியவில்லை. 1969-ல் பதவி விலகினார்.

1979-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி நியூயார்க் வந்த போப் ஆண்டவர் 2-ம் ஜான்பால், செயிண்ட் பேட்ரிக் பேராலயத்தில் எல்லோர் முன்பும் அவரைக் கட்டித் தழுவினார். அதே ஆண்டு டிசம்பர் 9-ந்தேதி, தினமும் ஒரு மணி நேரம் ஜெபிக்கும் வழக்கமுள்ள அவர், தன் வீட்டு ஜெப அறையிலேயே காலமானார்.

உடல் எந்த ஊருக்கு என்று பிறகு கோர்ட்டில் வழக்கு நடந்தது. 2019-ம் ஆண்டு ஜூன் 27-ந்தேதி, நியூயார்க்கிலிருந்து எடுத்துச் சென்று பியோரியாவில் அடக்கம் செய்தார்கள். குப்பியை உடைத்த அதே தேவாலயத்தில்.